அமரர் கொளஞ்சியம்மாள் பொன்விழாவுக்கு வந்தது

மஞ்சக்குப்பம், கடலூர்.
10.3.2008

மதிப்பிற்குரிய மச்சான் பேராசிரியர் ஞானசேகரன் அவர்களுக்கு, பழனிவேல் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை சௌந்தரமும் நலம். சிதம்பரத்தில் நீங்களும் உங்கள் மனைவி தங்கை மாலதியும் நலமாயிருக்கத் திருவந்திபுரம் பெருமாளை வேண்டிக்கொண்டேன்.

எங்கள் கொளஞ்சியம்மாள் தொடக்கப்பள்ளியின் பொன்விழா நேற்று நடந்தது. விழா மலருக்குப் பள்ளி வரலாற்றை எழுதிக் கொடுத்தது நீங்கள்தான். உப்புக் கிடங்கில் பள்ளியைத் தொடங்கிய அம்மையார் எப்போது காலமானார் என்று நான் கேட்டதற்கு, "உயிரோட இருக்கறவங்க பேரை எவன்யா பள்ளிக்கூடத்துக்கு வெப்பான்? அமரர்னு போடு மாப்ள" என்றீர்கள். வரலாற்றுப் பேராசிரியர் வாக்காயிற்றே, போட்டுவிட்டேன். அதோடு நின்றேனா? அவருடைய இளவயதுப் படத்துக்குச் சந்தன மாலை போட்டு, விளக்கேற்றி, மௌன அஞ்சலிக்கும் ஏற்பாடு செய்தேன். கூட்டமே எழுந்தது. பின்வரிசையில் வயதான அம்மாள் ஒருவர் நாற்காலியைப் பிடித்து எழுந்து தலைகுனிந்து நின்றதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. அஞ்சலி முடிந்ததும் அவர் பக்கத்திலிருந்த எங்கள் ஆசிரியை எழிலரசியிடம், "யாரும்மா போயிட்டாங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"இந்த ஸ்கூலை ஆரம்பிச்ச கொளஞ்சியம்மா டீச்சர்தாங்க."

"அது நாந்தாம்மா. காட்டுமன்னார்கோயில்ல மக வீட்லேருந்து பஸ் புடிச்சி வரேன்."

எழிலரசி ஓடிவந்து சொன்னதும் நான் மேடைக்கு ஓடினேன். படத்து மாலையைக் கழற்றி அவர் கழுத்திலேயே போட்டுவிட்டேன். அந்த நேரத்தில் வேறு மாலைக்கு எங்கே போவது? "பரவால்ல, மாலை நல்லாத்தான் இருக்கு" என்று அவர் சிரிக்க, பந்தலே சிரித்தது. பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டு விடவே இல்லை. கேசரி கூட ஆறிப்போயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது மச்சான், சந்தோஷத்தில்தான். இத்தனை வருடம் பெயர்ப்பலகையில் மட்டும் இருந்தவர் ஆளாக வந்து நிற்கிறார்.

அப்புறம் மலரை வாங்கிப் படித்துவிட்டு, "இதை எழுதினது யாரு?" என்று கேட்டார். உங்களைக் காட்டிக்கொடுப்பேனா? அச்சகத்துத் தவறு என்று சமாளித்துவிட்டேன். நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

தங்கை மாலதிக்கு எங்கள் ஆசிகள். உங்களுக்கு எந்தக் குறையும் வராது.

இப்படிக்கு,
பழனிவேல், தலைமையாசிரியர்

பி.கு.: அம்மையார் எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறார். இதை உறையில் போடுவதற்குள் மலரின் கடைசிப் பக்கத்தில் உங்கள் பெயரைப் பார்த்து விலாசம் கேட்டார். டீச்சர் கேட்டால் எப்படி மறுப்பது? கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை அங்கே வருகிறார். திட்டமாட்டாராம். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் பள்ளி வரலாற்றை மறுபடி எழுத வேண்டுமாம்; ஒரு தப்பு வந்தாலும் முதலிலிருந்து எழுத வேண்டுமாம். சிவப்பு மைப் பேனா கேட்டார். நானே கடைக்குப் போய் வாங்கிக் கொடுத்தேன்.