மூடி இல்லாத வண்டியும் மூடிக்காரரும்

உலகத்தில் எது திறந்து கிடந்தாலும் தன் வீட்டுக் கதவே திறந்து கிடப்பதாகப் பதறும் மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் வேங்கிக்கால் தெருவில் பிக்கப் வண்டி வாடகைக்கு ஓட்டுகிறார். அவர் பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். எங்களுக்கு அவர் மூடிக்காரர்.

ஒரு காலத்தில் அவரும் நம்மைப் போலத்தான் இருந்தாராம். பழைய வண்டிக்கு டீசல் போட்டுவிட்டு, டேங்க் மூடியைப் பங்கிலேயே மறந்து வந்தார். அன்றைக்கென்று மழை. டேங்குக்குள் தண்ணீர் இறங்கி, வண்டி செங்கம் ரோட்டில் படுத்துக்கொண்டது. அன்று பிடித்த கிறுக்கு. டீக்கடைக்குப் போனால் முதலில் பிஸ்கட் ஜாடிகளை எல்லாம் இறுக்குவார். பக்கத்துத் தெருவில் தண்ணீர்த் தொட்டி திறந்திருக்கிறது என்று சுவரேறிக் குதித்து, திருடன் என்று அடி வாங்கப் பார்த்தவர்.

அப்பேர்ப்பட்டவர் வாங்கிய புது பிக்கப்பில் டேங்குக்கு மூடியே இல்லை!

ஷோரூமில் ஒரே ரகளை. "வண்டிய குடுத்துட்டு மூடிய அமுக்கிட்டீங்களா?"

"இதுக்கு மூடியே கெடையாதுங்க. உள்ள ஒரு தகடு இருக்குது. பங்க்ல குழாய சொருகுனா தொறக்கும், எடுத்தா மூடிக்கும். கையில டீசல் நாறாது. மறந்து வெச்சிட்டு வர வேலையும் இல்ல."

"கேன்ல வாங்கியாந்து ஊத்தணும்னா?"

"அதான் இதுல கஷ்டம். வண்டியோட குடுக்குற இந்தப் புனல சொருகுனாதான் தகடு தொறக்கும், வேற எதுக்கும் மசியாது. சீட்டுக்கு அடியிலயே வெச்சுக்குங்க."

சீட்டுக்கு அடியில் தூசி படியுமாம். அதனால் புனலைத் துணியில் சுற்றி, வீட்டில் ஓர் எவர்சில்வர் சம்படத்துக்குள் போட்டு இறுக்க மூடிவிட்டார்.

"அண்ணே, ஒங்கள மாதிரி மறதிக்காரங்களுக்குன்னே செஞ்ச வண்டி இது" என்றேன்.

"நான் மறந்தது ஒரு தபா சார். இது காலம்பூரா தொறந்து கெடக்குதே!"

டீசல் முள் அடியைத் தொட்டாலும் பங்குக்குப் போக மாட்டார். அடிக்கடி திறந்தால் தூசி ஜாஸ்தியாகப் போய்விடும் என்பது அவர் கட்சி.

இந்த நிலையில் என் மகளுக்கு வளைகாப்பு. சம்பந்தி வீடு கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில். ஐந்து வகைக் கலந்த சாதமும் அதிரசமும் பெண் வீட்டிலிருந்து போக வேண்டும். அன்று பௌர்ணமி வேறு. பதினோரு மணிக்குமேல் கிரிவலப் பாதையில் வண்டி விட மாட்டார்கள். நேரம் தவறினால் சம்பந்தியம்மா வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். என் மகளிடம் வருஷக்கணக்கில் முகத்தாலேயே சொல்லுவார்.

மனைவி முன்னாலேயே போய்விட்டாள். சாப்பாடு ஏற்ற மூடிக்காரர் வண்டியைத்தான் பேசியிருந்தேன். சாத அண்டாக்களைத் துணி கட்டி மூடியவர் மூடிக்காரர். அதிரசம் அவர் மனைவி சுட்டது. அதிரசச் சம்படத்தையும் அவரே வீட்டிலிருந்து தூக்கி வந்து ஏற்றினார்.

பாதி வழியில் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. டீசல் காலி.

ஆட்டோ பிடித்து ஓடி, கேனில் டீசலோடு திரும்பினேன். மணி பத்தரை. தண்ணீர் பாட்டிலை வெட்டிச் சொருகினோம். தகடு அசையவில்லை. வேடிக்கை பார்த்த ஒருவர் ஸ்குரூ டிரைவரை நீட்ட, மூடிக்காரர் பாய்ந்து தடுத்தார். "குத்தாதீங்க! அப்பறம் அது மூடவே மூடாது!"

"புனல் எங்கண்ணே?"

"வூட்ல. மூடி போட்டு பத்திரமா இருக்குது."

எனக்கு வந்ததே கோபம்! "பத்திரமா? அங்க என் பொண்ணு மணையில ஒக்காந்துனு வாசலயே பாத்துனு இருப்பா!"

அவர் முகம் சுருங்கிவிட்டது. மனைவிக்குப் போன் போட்டார். "அலமாரில ஒரு சம்படம் இருக்குது பாரு, எடுத்துனு ஓடியா."

"அலமாரில ஒண்ணும் இல்லீங்க. அதிரச சம்படம் மட்டும் மேடை மேல கெடக்குது. நீங்க எத்த தூக்கினு போனீங்க?"

இருவரும் வண்டியில் இருந்த சம்படத்தைப் பார்த்தோம். மூடியதை எதற்குத் திறக்க வேண்டும் என்று அவர் திறந்தே பார்த்திருக்கவில்லை. திறந்தார். துணிக்குள் சமர்த்தாகப் படுத்திருந்தது புனல்.

என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. டீசல் மட்டும் தீராமல் இருந்திருந்தால், இந்தச் சம்படத்தை நாற்பது பெண்கள் நடுவில் சம்பந்தியம்மா திறந்திருப்பார். அந்த வண்டியின் காலில் விழலாம் போல் இருந்தது.

அதிரசத்தை ஸ்கூட்டரில் கொண்டுவரும்படி அவர் மனைவியிடம் சொல்லிவிட்டு, புனலைச் சொருகி டீசலை ஊற்றிக் கிளம்பினோம். சாலையை அடைக்கப் போலீஸ்காரர் தடுப்பை இழுத்துக்கொண்டிருக்கும்போதே நுழைந்துவிட்டோம். அண்டாவைத் திறந்தால் சாதத்தில் இன்னும் ஆவி பறந்தது. ஒரு பருக்கை சிந்தவில்லை. "யாருங்க இவ்ளோ நல்லா கட்டனது?" என்று சம்பந்தியம்மாவே கேட்டார். பின்னாலேயே சந்து வழியாக ஸ்கூட்டரில் அசல் அதிரசம் வந்து சேர்ந்தது. உள்ளே கொடுக்கும் முன் நான் ஒரு முறை திறந்து பார்த்துக்கொண்டேன். மூடிக்காரர் முறைத்தார். கை நிறைய வளையலோடு என் மகள் சிரித்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பேத்தி பிறந்ததும் மூடிக்காரர் ஒரு பால் பாட்டில் வாங்கி வந்தார், உபரியாக மூன்று மூடிகளோடு. அவள் இப்போது டம்ளரில் பால் குடிக்கிறாள். அந்த மூன்று மூடிகளில் ஒன்றுகூட இன்னும் தொலையவில்லை. தொலைய நான் விடுவதில்லை.