ஒரே ஸ்கிரீன், இரண்டு ஷிப்ட்

கேபிள் கனெக்‌ஷனை வெட்டிவிடுவது என்று பொங்கல் முடிந்த கையோடு முடிவெடுத்தேன். தங்கச் சுரங்கத்தில் இறங்கிப் பாறையைப் பிளந்த கை இது. ஒரு கறுப்பு வயரை வெட்டாதா?

பில் மாதா மாதம் ஏறியது ஒரு காரணம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்த பாக்ஸ். அதில் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வைக்கலாம். என் மனைவி தாயம்மா வைத்தாள். சுரங்கக்காரர்களின் ஒரு லைன் வீடுகள் முழுக்கக் குடிவைக்கிற அளவுக்கு அதற்குள் சீரியல் மருமகள்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நான் ஒரே ஒரு மேட்சைப் பதிவு செய்தால், மறுநாள் அது இருக்காது. மருமகள் ஒருத்தி கூடியிருப்பாள்.

“தாயம்மா, கேபிள எடுத்துடலாம்.”

“எடுத்துட்டு? செவுத்தப் பாத்துக்கினு குந்தறதா?”

“டிவி பின்னால ஒரு ஸ்டிக் சொருவினா போதும், எல்லாம் நெட்டுல வரும். உன் சீரியல் அத்தினியும் அதுல கீது. எனக்கு மேட்ச் லைவ்ல வரும். செலவு பாதி கூட ஆவாது.”

“பழைய சீரியலு?”

“எல்லாம் கீது. எப்ப வோணா பாக்கலாம்.”

“எப்ப வோணாவா?”

“எப்ப வோணா!”

“அப்ப எடுத்துடுங்க.”

இவ்வளவு சுலபமாக அவள் தலையாட்டியபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் எனக்கு அந்தப் புத்தி மட்டும் வரவில்லை.

கேபிள்காரர் பாபு வந்து வயரைச் சுருட்டி, பாக்ஸைக் கழற்றிக்கொண்டு போனார். ஸ்டிக் வந்தது. நான் மேட்ச் பார்க்கும்போது தாயம்மா போனில் சீரியல் பார்த்துக்கொள்வாள் என்பது என் கணக்கு. ஆனால் நான் வாங்கியது இருப்பதிலேயே மலிவான பிளான். ஒரு நேரத்தில் ஒரே ஸ்கிரீன்தான் ஓடும் என்று டிவியே சொல்லிவிட்டது.

“இப்ப இன்னாங்க பண்றது?” என்றாள் தாயம்மா.

எனக்கு உடனே மூளை வேலை செய்தது. சீரியல் எப்போது வேண்டுமானாலும் ஓடும். மேட்ச் சாயங்காலம்தான். ஆகவே சாயங்காலம் எனக்கு.

“ஷிப்ட் போட்டுக்கலாம். காலைல ஃபர்ஸ்ட் ஷிப்ட். சாயங்காலம் செகண்ட் ஷிப்ட்.”

“நல்லாத்தான் கீது. மைன்ல வேல செஞ்சவரு நீங்க. நீங்களே மொதல்ல கேளுங்க. எந்த ஷிப்ட் வோணும்?”

வாயைத் திறந்தேன்.

“ஃபர்ஸ்ட் ஷிப்ட்!”

அதை நான் சொல்லவில்லை. என் வாய் சொன்னது. சுரங்கத்தில் ஃபர்ஸ்ட் ஷிப்ட் கிடைக்காதா என்று ஏங்காதவன் யார்? அதில் போனவன் மத்தியானமே லிப்ட் கூண்டில் மேலே வந்து, வெயிலில் கண் கூச வீட்டுக்குப் போய், குளித்துச் சாப்பிட்டு, சாயங்காலம் ஃபுட்பால் கிரவுண்டில் நிற்பான். செகண்ட் ஷிப்ட்காரனுக்கு ஒன்றும் கிடையாது. லைன் முழுக்கவே ஒரே டிவி இருந்த காலம் அது. கூரை மேல் ஒருவன் ஆன்டெனாவைத் திருப்பியபடி “வந்துச்சா? வந்துச்சா?” என்று கத்துவான். கீழே ஐம்பது பேர் “போயிடுச்சு!” என்று பதில் கத்துவார்கள். அந்த ஐம்பதில் ஒருவனாக இருக்க நான் எத்தனையோ நாள் ஷிப்ட் மேஸ்திரியிடம் கெஞ்சியிருக்கிறேன். கிடைக்காத நாளில் பாதாளத்தில் கிடப்பேன். அடுத்த கூண்டில் இறங்கி வருகிறவன்தான் எனக்கு ஸ்கோர் சொல்வான். அதற்குள் மேலே இரண்டு விக்கெட் போயிருக்கும்.

சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷம் ஆயிற்று. என் வாய்க்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

“இல்ல தாயம்மா, நான் இன்னா சொல்ல வந்தன்னா…”

“கேட்டுச்சுண்ணா! ஃபர்ஸ்ட் ஷிப்ட்!” என்று சுவருக்கு மேலிருந்து ஒரு குரல் வந்தது. பக்கத்து வீட்டு ஜூடித். எங்கள் ஊரான ஊரிகத்தின் லைன் வீடுகளில் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் கூரையைத் தொடாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ஆசீர்வாதம் வரும்.

அதோடு என் சாயங்காலங்கள் போயின. காலையில் டிவி முழுக்க எனக்கே. அந்த நேரத்தில் உலகத்தில் யாரும் கிரிக்கெட் ஆடவில்லை. பழைய மேட்ச்களைப் போட்டுப் பார்த்தேன். தெரிந்தவன் தெரிந்த பந்தில் அவுட் ஆனான். சந்தோஷமாகத்தான் இருந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது. அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து கத்தியவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை.

பிறகு ஃபைனல் வந்தது. சாயங்கால ஃபைனல். அதை லைவில் பார்க்காவிட்டால் நான் கேபிளை வெட்டியதற்கே அர்த்தமில்லை. மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

“தாயம்மா, இன்னிக்கி ஒரு நாளு ஷிப்ட் மாத்திக்கலாமா?”

“மாத்திக்கலாமே. மாத்தினா அந்த ஆளோட வேலயும் சேத்துதான செய்யணும்? மைன்ல அப்டிதான?”

“அதான் ரூலு” என்றேன், பெருமையோடு. எனக்கு நன்றாக வேண்டும்.

ஒரு முறம் நிறைய ஊறவைத்த அவரைக்கொட்டை என் மடியில் ஏறியது. ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை எடுக்க வேண்டும். ராத்திரிக்குப் பிதுக்குப் பருப்புக் குழம்பு. ஜூடித் வீட்டுக்கும் சேர்த்து.

“நீ எங்க போற?”

“தோ, பக்கத்துலதான்” என்று போய்விட்டாள்.

மேட்ச் ஆரம்பித்தது. கண் டிவியில், விரல் அவரையில். சொர்க்கம் என்றே நினைத்தேன். திடீரென்று சுவருக்கு அந்தப் பக்கம் “அவுட்டு!” என்று கத்தல். என் டிவியில் பேட்ஸ்மேன் கிளவுஸைச் சரி செய்துகொண்டிருந்தான். மூன்று அவரை பிதுக்கினேன். அவுட்.

மறுபடி “சிக்ஸு!” என்றது சுவர். இங்கே பவுலர் இன்னும் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

ஜூடித் வீட்டில் இன்னும் கேபிள். என் ஸ்டிக்கில் மேட்ச் கொஞ்சம் தாமதித்துத்தான் வரும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மேலே எல்லாரும் பார்த்து முடித்த பிறகு கூண்டில் இறங்கி வருகிற அதே பழைய ஸ்கோர். கேட்டு வாங்கிய செகண்ட் ஷிப்டில் மறுபடி பாதாளத்தில் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை கையில் அவரைக்கொட்டை.

கடைசி ஓவர். சுவர் அதிர்ந்தது. பட்டாசு மாதிரிக் கைதட்டல். தாயம்மா முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தாள்.

“ஜெயிச்சிட்டோங்க!”

“சொல்லாதடி!”

“ஜூடித் வூட்ல அவ்ளோ நல்லா தெரியுது. இனிமே செகண்ட் ஷிப்ட் நீங்களே வெச்சிக்கோங்க, அடுப்படியோட. நான் அங்க பாத்துக்கறன். அவ கேபிள் பில்லுல பாதிய நாம கட்றோம்னு சொல்லிட்டன்.”

என் டிவியில் பவுலர் கடைசிப் பந்துக்கு அப்போதுதான் ஓடி வர ஆரம்பித்தான்.