ஜெர்மனிக்காக நான் ஆடிய ஒரே ஆட்டம்

தன்னம்பிக்கை விஷயத்தில் ஆண்டவன் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. மற்ற விஷயங்களில்தான் கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டிவிட்டான். தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லிவிட்டு, செய்துகொண்டே கற்றுக்கொள்வது என் வழக்கம். மென்பொருள் துறையில் இதற்குச் சம்பளமே தருகிறார்கள் (ஜெர்மனியின் வால்டோர்ஃபில் எனக்கு வேறெப்படி வேலை கிடைத்தது என்று நினைக்கிறீர்கள்?). ரக்பி மைதானத்தில் தருவதில்லை.

அப்போது நான் சிந்துஜாவைக் காதலித்துக்கொண்டிருந்தேன். நான் திண்டுக்கல்காரன், அவள் ஸ்டுட்கார்ட்டில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். கல்யாணப் பேச்சு அவளுடைய அம்மாவிடம் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

"உந்த சொஃப்ட்வெயர்காரர் விசாவில வருவினம். அமெரிக்காவில நல்ல வேலை கிடைச்சால் போயிடுவினம். பிறகு என்ர பிள்ளையின்ர கதி என்ன?" என்றாராம். தீர்ப்பை மட்டும் தன் மகன் கஜனிடம் விட்டிருந்தார். கஜன் சரி என்றால் கல்யாணம். இல்லை என்றால் நான் திண்டுக்கல்லுக்குப் போய் அத்தை பார்த்து வைத்திருக்கும் பல் டாக்டருக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

கஜன் அண்ணா ஹைடல்பெர்க்கில் எலெக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒரு கிளப்பில் ரக்பி ஆடுவார். வாசலில் வந்து நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் குறையும், அப்படி ஓர் உடம்பு. என்னைப் பார்க்க வேண்டும் என்று மைதானத்துக்கே வரச் சொன்னார். போனால் என் வேலை, குடும்பம், ராசி எதையும் கேட்கவில்லை. ஒலிம்பிக் கதை சொன்னார்.

"தம்பி, 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில ரக்பி இருந்தது தெரியுமோ? மொத்தம் மூண்டே மூண்டு நாடு. இங்கிலாந்துப் பெடியளில கனபேர் முதல்நாள் தங்கட ஊரில ஒரு மட்ச் விளையாடிப்போட்டு, கப்பலேறி வந்து, அப்பிடியே மைதானத்தில இறங்கினவை. ஜெர்மனிக்கு பிராங்ஃபர்ட் கிளப் ஒண்டு போனது. ஒரே ஒரு ஆட்டம். அதிலையும் பிரான்ஸிட்ட தோல்வி. ஆனாலும் கணக்கில வெள்ளி!"

அந்தப் பழைய ஆட்டத்தின் நினைவாக, பிரான்ஸிலிருந்து வந்த ஒரு கிளப்போடு அன்று நட்பு ஆட்டம். எல்லோரும் பழங்காலத்துப் பாணியில் முழங்கால் வரை தொங்கும் கால்சட்டை போட்டிருந்தார்கள். கஜன் அண்ணாவின் அணியில் ஒருவருக்குக் கடைசி நேரத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டது. கஜன் அண்ணாவின் கண் மெதுவாக என்மேல் விழுந்தது.

"நீர் ரக்பி விளையாடியிருக்கிறீரோ?"

"கவலையே படாதீங்க அண்ணா. காலேஜ்ல நான்தான் கபடி டீம் ரெய்டர். இது பந்து வச்ச கபடி, அவ்வளவுதானே?"

"உங்களுக்கு ஏலாது எண்டு சொல்லுங்கோ," என்று கூட வந்திருந்த சிந்துஜா என் காதில் கிசுகிசுத்தாள். ஏலாது என்ற சொல் எங்கள் ஊர்த் தமிழில் இல்லையென்று பெருமையாகச் சொல்லிவிட்டுக் கால்சட்டையை வாங்கி மாட்டினேன். (அது இன்னொருவர் இடுப்புக்குத் தைத்தது. ஆட்டம் முழுவதும் ஒரு கை அதற்கே ஒதுக்கப்பட்டிருந்தது.)

"ஓரத்தில நில்லும். பந்து உம்மட்ட வராது. வந்தால் முன்னுக்கு எறியக் கூடாது, பின்னுக்குத்தான் குடுக்கலாம்," என்றார் கஜன் அண்ணா. பயிற்சி அத்துடன் முடிந்தது.

பந்து உண்மையிலேயே வரவில்லை. நான் ஓரமாக ஓடினேன், நின்றேன், வீரன் மாதிரி இடுப்பில் கை வைத்தேன். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. நாங்கள் ஒரு மயிரிழையில் முன்னால் இருந்தோம். அப்போது எதிரிப் பாதியில் ஒரு பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து நழுவிய பந்து, உருண்டு வந்து என் காலடியில் நின்றது.

எடுத்தேன். அந்த நொடியில் என் மூளையிலிருந்து ஜெர்மனி, பிரான்ஸ், ரக்பி எல்லாம் கழன்று விழுந்தன. எதிரி களத்தில் நிற்கிறேன், கையில் வேட்டை இருக்கிறது. ரெய்டர் என்ன செய்வான்? சொந்தக் களத்துக்குத் திரும்புவான். மூச்சைப் பிடித்து "கபடி கபடி கபடி" என்று பாடிக்கொண்டே எங்கள் பக்கத்துக் கோட்டை நோக்கிப் பறந்தேன்.

என் அணிக்காரர்கள் ஜெர்மனில் கத்தினார்கள். உற்சாகப்படுத்துகிறார்கள் என்று வேகத்தைக் கூட்டினேன். இருவர் குறுக்கே வந்தார்கள். பிடிக்க வருபவன் எவனும் எதிரிதானே! ஒருவரைக் குனிந்து ஏமாற்றினேன், இன்னொருவரை வளைந்து ஏமாற்றினேன். கல்லூரியில்கூட நான் அவ்வளவு அழகாக ஆடியதில்லை. கடைசியில் கஜன் அண்ணாவே பாய்ந்து என் கணுக்காலைப் பிடித்தார். விடுவேனா? அந்த மலையையும் இழுத்துக்கொண்டு தவழ்ந்து, கையை நீட்டி, பந்தோடு எங்கள் கோட்டைத் தொட்டு, வெற்றிக் களிப்பில் நிமிர்ந்து பார்த்தேன். பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். சிந்துஜா குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாள். மழை இல்லை.

சொந்தக் கோட்டுக்கே பந்தைக் கொண்டுபோனதற்குத் தண்டனையாக, அங்கேயே நடுவர் பந்தைப் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் கூட்டமாக எங்களை ஒரே தள்ளாகத் தள்ளி, புள்ளி எடுத்து, ஜெயித்தார்கள். வரலாறு தவறாமல் ஜெர்மனி தோற்றது.

உடை மாற்றும் அறையில் நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் போச்சு. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கஜன் அண்ணா சேறும் சகதியுமாக வந்து எதிரே நின்றார்.

"ஒரே ஒரு கேள்வி. ஏன் தம்பி எங்கட பக்கம் ஓடினனீர்?"

"கபடியில எவ்வளவு தூரம் போனாலும், வீடு திரும்பினாத்தான் அண்ணா பாயிண்ட்."

அவர் என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். பிறகு பெஞ்சு ஆடும் அளவுக்குச் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் போனை எடுத்து அம்மாவை அழைத்தார்.

"அம்மா, இவர் அமெரிக்காவுக்குப் போகமாட்டார். நான் காலைப் பிடிச்சு இழுத்தும் வீட்டை திரும்பி வாற ஆள். ஓம் எண்டு சொல்லுங்கோ."

கல்யாணத்தில் அவர் என்னை உறவினர் ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரி அறிமுகப்படுத்தினார்: "ஒரே ஆட்டம், அதிலையும் தோல்வி, ஆனாலும் பரிசு கிடைச்ச ஆள்." மாமியார் மட்டும் அந்தக் கதையை வெற்றிக் கதையாகவே சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்றைக்கும் அலுவலகத்தில் எனக்கு நேரமாகிவிட்டால் சிந்துஜா போன் செய்து "கபடி?" என்று ஒரே ஒரு சொல் கேட்பாள். எத்தனை பெரிய கூட்டத்தில் இருந்தாலும் நான் "கபடி கபடி" என்று பதில் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொள்வேன். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இருந்ததில்லை.