ஆத்தைத் தாண்டி வந்த பலகை

ஒரு காட்டுல, மரத்துக்குப் பஞ்சமே இல்லாத காட்டுல, நாம பிளைவுட் வாங்கறது கம்மியாப் போச்சேன்னு ஒரு சிங்கம் மூணு நாளா கறி திங்காம படுத்துக் கெடந்துச்சு.

காரணம் முள்ளம்பன்றி. அதுதான் இறக்குமதி ஆபீசர். தன் முதுகுல இருந்தே ஒரு முள்ளைப் புடுங்கி, பாறையில ரெண்டு கோடு போட்டுச்சு.

"ராசா, இது அக்கரைக் காடு. பத்து வருசமா எவ்வளவு காசுக்கு பிளைவுட் வாங்கிருக்கான் பாருங்க, கோடு பனைமரம் ஏறுது. இது நம்மளுது."

நம்மளுது வெயில்ல செத்த மண்புழு மாதிரி கெடந்துச்சு.

"ஏன்யா எந்திரிக்க மாட்டேங்குது?"

"நம்மகிட்ட மரம் இருக்கே ராசா. மரம் இருந்தா எவன் பலகை வாங்குவான்?"

"அப்ப மரத்தை முறிச்சுப் போடு!"

யானை கெளம்பிருச்சு. ரெண்டு மரம் சாஞ்சாச்சு. மூணாவது மரத்துப் பொந்துல மரங்கொத்தி நாலு முட்டை வச்சிருந்தா. பதறிப் பறந்து வந்தா.

"ராசா, பத்தே நாளு பொறுங்க. குஞ்சு பொரிச்சிரும்."

"உன் குஞ்சு கோட்டுல வருமா?"

"வராது ராசா, அதுக்குக் கட்டமே இல்ல"ன்னுச்சு முள்ளம்பன்றி.

மரங்கொத்தி அழல. பாறையில உக்காந்து கோட்டை உத்துப் பாத்தா.

"ஏண்ணே, ஆத்தைத் தாண்டி இங்க வந்தா இறக்குமதியா?"

"ஆமா."

"இங்க இருந்தே போய்ட்டுத் திரும்பி வந்தா?"

"வந்தா வந்ததுதான். போனதை நான் கேக்கறதில்ல. அது ஏத்துமதி, வேற டிபார்ட்மெண்டு."

அவ்வளவுதான். சிங்கம் சாஞ்சு உக்கார்ற பலகை, காட்டுலயே ஒரே ஒரு பிளைவுட், அதை எருமை முதுகுல கட்டினா. அக்கரைக்குப் போ, இக்கரைக்கு வா. ஒரு நாளைக்கு நாப்பது தடவை. வந்து ஏற ஏற இங்க முள்ளம்பன்றி எழுதுச்சு, அங்க அவங்க ஆபீசர் பெருச்சாளி எழுதுச்சு. ரெண்டு கோடும் போட்டி போட்டு ஏறுச்சு. நம்ம சிங்கமும் அக்கரைச் சிங்கமும் கறி தின்னுச்சு. யானையை நிறுத்தி வச்சாங்க.

"யக்கா, என்ன எழவுக்கு நான் நடக்கறேன்?"ன்னு எருமை கேட்டுச்சு.

"நாட்டு முன்னேத்தத்துக்கு. நட."

"புல்லு உண்டுல்ல?"

"உண்டு, நட."

ஒம்பது நாளு ஓடுச்சு. மூணு குஞ்சு வந்தாச்சு, ஒரு முட்டைதான் பாக்கி. பத்தாம் நாளு ஆத்துல ஊறி ஊறி பலகை பப்படம் மாதிரி பிரிஞ்சு, கரையேறும்போது அஞ்சு தகடாத் தொங்குச்சு.

"போச்சா? யானையைக் கூப்புடு!"ன்னு சிங்கம் உறுமுச்சு. யானை நேரா மரத்தடிக்கே போயி தும்பிக்கையைத் தூக்கிருச்சு.

முள்ளம்பன்றி தகடை எண்ணுச்சு. "ராசா! போனது ஒண்ணு, வந்தது அஞ்சு! ஒரே நடையில அஞ்சு மடங்கு!"

பாறையில எடம் பத்தல. முள்ளைப் புடுங்கிட்டு ஓடிப்போயி மிச்சக் கோட்டை யானை விலாவுல இழுத்துச்சு.

"ஏய், ஆடாதய்யா! கோடு கோணிரும்!"

யானை தூக்கின தும்பிக்கையோட அப்படியே நின்னுச்சு. அதுக்கு மேல பொந்துல கடைசிக் குஞ்சு ஓட்டை ஒடைச்சுத் தலையை நீட்டுச்சு.

நீதி: உங்க வீட்டை இடிக்க வந்தா குஞ்சு குளுவானைக் காட்டி அழாதீங்க. இடிக்க வந்தவன் மேலயே கோட்டைப் போட்டு, ஆடாம நில்லுன்னு சொல்லுங்க.