பெரும்புள்ளி வந்திருக்கு

எங்கே யார் கைதட்டினாலும் அது எனக்குத்தான் என்று நம்புகிற வியாதி இருபத்தெட்டு வயது வரை எனக்கு இருந்தது. மருந்து கொடைக்கானலில் கிடைத்தது.

அப்போதுதான் கீரமங்கலம் தேங்காய் வியாபாரிகள் சங்கத்துக்குத் துணைச் செயலாளர் ஆகியிருந்தேன். (போட்டியெல்லாம் கிடையாது. கூட்டத்துக்கு வராதவன் தலையில் கட்டினார்கள். வராதவன் நான்.) கவிதாவை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் அப்பாவுக்கு ஒரே தயக்கம், பையன் அலட்டல் பேர்வழியோ என்று. பழகிப் பார்த்து முடிவு சொல்வதாக இரு வீட்டாரையும் வேனில் ஏற்றினார்.

மலையில் நூறு வருஷத்துக்கு மேல் பழைய வானாய்வகம் ஒன்று. வாசலிலேயே ஆரம்பித்தேன்.

"நான் வாரேன்னு போன் போட்டுச் சொல்லியாச்சு மாமா. கவனிப்பாங்க."

(போன் போட்டது நிஜம். 'இன்னைக்குத் தொறந்திருக்கா?' என்று கேட்டேன்.)

உள்ளே இருட்டறை. தொலைநோக்கி வழியாக வந்த சூரியன், வெள்ளைப் பலகையில் தாம்பாளம் அளவுக்கு விழுந்திருந்தது. அங்கிருந்த ஊழியர் கூட்டத்தை அழைத்தார்.

"எல்லாரும் கிட்ட வாங்க. இன்னைக்கு ஒரு பெரும்புள்ளி வந்திருக்கு. அபூர்வமாத்தான் வரும், நல்லாப் பாத்துக்கங்க."

'வந்திருக்காரு' என்று சொல்லாததை, மலைப் பக்கத்துப் பேச்சு என்று மன்னித்தேன். பலகைக்கு முன்னால் போய் நின்று கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். "எதுக்குங்க இதெல்லாம், சும்மா குடும்பத்தோட வந்தேன்" என்று அடக்கம் வேறு.

ஊழியர் பொறுமைசாலி.

"சார், நான் சூரியன்ல இருக்கிற கரும்புள்ளியச் சொன்னேன். நம்ம பூமியே அதுக்குள்ள அடங்கிரும். மறைக்காம அங்கிட்டு நகருங்க."

குனிந்து பார்த்தேன். சூரியன் என் வெள்ளைச் சட்டைமேல் இருந்தது. புள்ளி என் தொப்பையில். கூட்டம் சிரித்தது.

திரும்பும்போது வேனில் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். கல்யாணம் போச்சு என்றே நினைத்தேன். வத்தலக்குண்டு வந்ததும் மாமா தன் மகளிடம் கேட்டார்.

"என்னத்தா சொல்ற?"

"இதுக்கு மேல அவரால அலட்ட முடியாதுப்பா. கட்டிக்கிறேன்."

இப்போது எங்கள் மகள் மூன்றாம் வகுப்பு. பள்ளியில் 'என் குடும்பம்' வரையச் சொன்னார்களாம். அம்மாவுக்குச் சடை, தாத்தாவுக்கு மீசை. எனக்குக் கை, கால், மூஞ்சி எதுவும் இல்லை. கறுப்பாக ஒரே ஒரு பொட்டு. டீச்சர் அதை வட்டமிட்டு 'இது என்ன?' என்று கேட்டிருந்தார். பக்கத்தில் என் மகளின் குண்டு எழுத்து: 'எங்க அப்பா.'

மாமா அதை லேமினேட் செய்து கூடத்தில் மாட்டியிருக்கிறார்.