செம்பிஜ்ஜாவின் முதுகு

ஆகிவிட்டது அக்கா, வேலை நிரந்தரம்தான். இன்று காலை. நலம் விசாரிப்பை ஒரு வரியில் முடித்துக்கொள்கிறேன்: நான் சுகம், கம்பாலா சேறு, மசாக்காவில் நீயும் குழந்தைகளும் எப்படி?

செம்பிஜ்ஜா என்று ஒரு சுமை தூக்குபவர். மூட்டை விழுந்து முதுகு போயிற்று, குனியவே முடியவில்லை என்று லாரிக் கம்பெனியிடம் இழப்பீடு கேட்கிறார். கம்பெனி எங்கள் செக்யூரிட்டி நிறுவனத்திடம் வந்தது: அவர் குனிவதைப் படம் பிடிக்க வேண்டும். எங்கள் தொழிலில் விதி ஒன்றே. பார், பார்க்கப்படாதே. நான் பின்னால் நடந்தேன். சக ஊழியன் முகேர்வா சப்பாத்திக் கடை மறைவில், கேமராவுடன்.

சந்தைச் சந்தில் பெரியவர் சட்டென்று திரும்பினார். நேருக்கு நேர். நம் அப்பா வயது. பெரியவர்களை மண்டியிட்டு வணங்கும் நம் வீட்டுப் பழக்கம், யோசிப்பதற்குள் என் முழங்கால் சேற்றில் இருந்தது. வாயும் தொடங்கிவிட்டது.

"நல்லா இருக்கீங்களா ஐயா?"

"இருக்கேன் தாயி. வீட்ல எல்லாரும்?"

"இருக்காங்கய்யா. உங்க வீட்ல?"

"இருக்காங்க. எந்தக் குலம் நீ?"

"நீர்நாய்க் குலம்."

"அட, நம்ம புள்ள! சேத்துல எதுக்கும்மா, எந்திரி" என்று என்னைத் தூக்கக் குனிந்தார்.

குனிந்தவர் குனிந்தபடியே. நிமிர முடியவில்லை. கண்ணில் நீர். அவர் நிமிராமல் நான் எழுவது மரியாதையா? எழவில்லை. மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் வண்டியை நிறுத்தி, "பொண்ணு கேக்குறதுன்னா அவ அப்பன்கிட்ட கேளு பெருசு!" என்றான்.

"டேய், இவ என் குலம்டா! வாயக் கழுவு!" என்றார் அவர், தரையைப் பார்த்தே.

கடைசியில் தக்காளிக்காரி தன் தள்ளுவண்டியைக் காலி செய்து தந்தாள். மடங்கியபடியே அவரை அதில் வைத்து வீடு சேர்த்தோம்.

முகேர்வாவிடம் தள்ளுவண்டிப் படம் இல்லை. வேலை முடிந்ததென்று சப்பாத்தி தின்னப் போய்விட்டான். இருப்பது ஒரே படம்: குனிய முடியாதவர் அழகாகக் குனிகிறார்.

மேலாளர் பியாருகாங்கா என் கையைக் குலுக்கினார். "முட்டி போட்டே ஆள மாட்ட வச்சிட்டியே! எனக்கு இந்த யோசனை வரலையே!"

"யோசனையெல்லாம் இல்ல சார்."

"அடக்கம் வேறயா!"

நிரந்தர உத்தரவைக் கையில் கொடுத்தார். அறிக்கை மட்டும்தான் பாக்கி. அதை நான் எழுத வேண்டும்.

அம்மாவிடம் சொல், மகிழட்டும். குழந்தைகளுக்கு முத்தம். உன் வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கட்டும்.

உன் தங்கை,
நல்வெயிசோ

பி.கு.: அம்மாவிடம் சொல்லாதே. அறிக்கை எழுதினேன்: குனிந்தார், நிமிர முடியவில்லை, தக்காளிக்காரி சாட்சி. மேலாளர் இரண்டு முறை படித்தார். "இதுக்கா கம்பெனி நமக்குக் காசு குடுக்குது?" என்றார். உத்தரவைத் திருப்பிக் கேட்டார். கொடுத்துவிட்டு, அறிக்கையின் நகலுடன் செம்பிஜ்ஜாவின் வீட்டுக்கு வேன் ஏறினேன்.