துக்கம் போதாதவன்

எப்பாடுபட்டாவது துக்கப்பட்டே தீருவது என்று முடிவெடுத்தேன். வேறு வழியில்லை. சாவும் சோகமுமாகப் பாடும் ராக் பாடகர் ஃபினியன் ராத் மெல்போர்னில் பாடுகிறார். எங்கள் பல்லாரட் ஊர் ரசிகர் மன்றத்துக்கு முன்வரிசையில் ஒரே ஒரு டிக்கெட் கிடைத்திருந்தது.

அது யாருக்கு என்பதற்கு மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ராத்தின் ஏதாவது ஒரு பாட்டு தன் வாழ்க்கையை எப்படிக் குத்துகிறது என்று ஒவ்வொருவரும் பேச வேண்டும். கைதட்டல் கிடையாது. பெருமூச்சுதான். யாருக்கு நீளமான பெருமூச்சு கிடைக்கிறதோ, அவருக்கே டிக்கெட்.

இங்கேதான் எனக்கு இடித்தது. மன்றத்தில் பெவனுக்கு இரண்டு விவாகரத்து. மர்ரேயின் நாய் செத்துப்போனது. எனக்கு? நகராட்சியில் நிரந்தர வேலை. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. மனைவி ரொவீனா தங்கம். இந்த லட்சணத்தில் எந்த முகத்தோடு ராத்தின் முன்னால் உட்காருவது? கடைசியில் தங்கத்தையே விற்கத் துணிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் கூடினோம். ரொவீனா புல்தரையில் பந்துருட்டும் ஆட்டத்துக்குப் போயிருந்தாள். வெளியே மழையோடு காற்று ஊளையிட்டது.

"ராத்துன்னா ஆல்பம்தான்யா," என்றான் பெவன். "ரெண்டாவது ஆல்பத்துல ஆத்துல மூழ்குற பொண்ணு. அதுக்கு மேல என்ன இருக்கு?"

"அவரு சினிமாவுக்குப் போட்ட இசையைக் கேட்டியா?" என்றான் மர்ரே. "பாலைவனத்துல ஒத்த வயலின். வார்த்தையே கிடையாது."

"அது காத்தடிக்கிற சத்தம்பா. அதுக்கு எங்க வீட்டு ஜன்னலே போதும்," என்றேன் நான்.

"சரி லெஸ், நாங்க ரெண்டு பேரும் பேசியாச்சு. உன் முறை," என்றான் மர்ரே.

குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டேன். "அந்த ஆத்துப் பாட்டைக் கேக்கும்போதெல்லாம், மூழ்குறது நான்தான்னு தோணும். இந்த வீட்ல எனக்குப் பேச்சுத்துணை கிடையாது. ரொவீனா ஒரு கல்லு."

பெருமூச்சு கிளம்பியது. நல்ல நீளம். பாதியில் சட்டென்று அறுந்தது. திரும்பினேன். மழையால் ஆட்டம் ரத்தாகி, பின்கதவு வழியாக வந்து, எங்களுக்காக சாசேஜ் ரோல் சுடவைத்துத் தட்டோடு நிற்கிறாள் ரொவீனா.

"நானும் ஒண்ணு சொல்லலாமா?"

"இது மன்றத்து ஆளுங்களுக்கு மட்டும்..."

"சொல்லட்டும் லெஸ்," என்றான் பெவன்.

அவள் தட்டைக் கீழே வைக்கவில்லை. "எங்கம்மா போயிட்டாங்கன்னு போன் வந்தன்னைக்கு, லெஸ் இந்த ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு அந்த ஆத்துப் பாட்டுக்கு அழுதுக்கிட்டிருந்தான். கதவைத் தட்டினேன். 'ரெக்கார்டுல இந்தப் பக்கம் முடியட்டும்மா'ன்னான். முடியிற வரைக்கும் வெளியிலேயே நின்னேன். மறுநாள் அவன் வேலைக்குப் போனப்புறம், அந்தப் பாலைவன ரெக்கார்டை எடுத்துப் போட்டேன். அதுல யாரும் ஒண்ணும் சொல்லல. அதோட உக்காந்து அழ முடிஞ்சுது."

மர்ரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பெவன் விட்ட மூச்சில் மேஜைமேல் இருந்த காகிதத் தட்டுகள் பறந்தன. வெட்கங்கெட்டவன், நானும் விட்டேன். எல்லாரையும்விட நீளமாக.

சனிக்கிழமை அவள் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, டிக்கெட்டோடு மெல்போர்னுக்கு ரயிலேறினாள். நான் வீட்டில் தனியாக உட்கார்ந்து, அந்தக் காத்தடிக்கிற சத்தத்தை முதல்முறையாக முழுசாகக் கேட்டேன்.

இப்போது துக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை. டிக்கெட்தான் இல்லை.